ஆந்திராவில் பெண்ணாத்துப் பள்ளத்தாக்கு விளிம்பில் இருக்கும் கண்டிகோட்டா கோட்டைப் பக்கம் டென்ட் எங்கே அடிக்கலாம்? போய்வந்த வடசென்னைக்காரங்க எழுதுங்க

ராயபுரம் ரைடர்:
ராத்திரி ரெண்டு மணிக்குக் காத்து திரும்புச்சு. வியூ பாயின்ட் பாறைமேல இருந்த டென்ட் ஒண்ணு, உள்ள ஆள் படுத்திருக்கும்போதே ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நகர ஆரம்பிச்சுது. பெண்ணாத்துப் பள்ளத்தாக்கு விளிம்பு அங்கேருந்து எத்தனை அடின்னு போனவங்களுக்குத் தெரியும்.
காரணம் ஒண்ணுதான். அங்க தரை முழுக்க குவார்ட்சைட்ங்கற ரொம்பக் கெட்டியான பாறை, ஆணி இறங்காது. அடிச்சா ஆணிதான் வளையும். "உள்ள ஆள் இருந்தா வெயிட் போதும்"னு வாடகைக்கு விடறவங்க சொல்றதை நம்பாதீங்க. ஆளோட எடை அடித்துணியைத்தான் அமுக்கும். காத்து பிடிக்கறது மேல் துணியை. அதனால விளிம்புலேருந்து 50 மீட்டராவது உள்ள தள்ளி, இடிஞ்ச கோட்டைச் சுவரோ பெரிய பாறையோ காத்துக்கு மறைப்பா இருக்கற இடமா பாருங்க. வாசல் காத்தைப் பாத்து இருக்கக்கூடாது. சூரிய உதயம் பாக்க காலையில நடந்து போய்க்கலாம்.

காசிமேடு கயிறு:
ரைடர் சொன்னது சரி, ஆனா மறைப்பு மட்டும் பத்தாது. ஆணிக்குப் பதிலா வெங்காயம் வர்ற வலைச்சாக்கு ஆறு எடுத்துட்டுப் போங்க. காலியா இருந்தா கைக்குள்ள அடங்கிடும். அங்க கிடக்கற கல்லையே சாக்குக்கு 8–10 கிலோ நிரப்பி, வாயை இறுக்கிக் கட்டி, டென்ட் கயித்தை அதுல மாட்டுங்க. டென்ட் உயரத்துக்குச் சமமான தூரமாவது தள்ளி வைங்க. கிட்ட வச்சா காத்து இழுக்கும்போது சாக்கு மேல எழும்பும்.
கயிறு 4 மி.மீ. பாலியஸ்டர் வாங்குங்க. ஹார்பர் பக்கத்துக் கடைங்கள்ல நைலானும் இருக்கும். நைலான் இழுவைக்கு நீளும், பனியில நனைஞ்சா இன்னும் தொய்யும், நடுராத்திரி எழுந்து இறுக்கணும். பாறை முனை கயித்தை அறுக்கும், அதனால படற இடத்துல பழைய சைக்கிள் டியூப்பைச் சுத்துங்க. அதே டியூப்ல ஒரு சாண் துண்டை சாக்குக்கும் கயித்துக்கும் நடுவுல போட்டா, திடீர்னு அடிக்கற காத்தோட அதிர்ச்சி துணித் தையலுக்குப் போகாது.

கொருக்குப்பேட்டை 21:
மேல இவ்ளோ பாடு எதுக்கு? கீழ தண்ணிக்கரையில மண்ணு இருக்கு, ஆணி தாராளமா இறங்கும். காத்தும் கம்மி.

வியாசர்பாடி வாத்தியார்:
கொருக்குப்பேட்டை நண்பரே, தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். அந்தப் பள்ளத்தாக்குக்கு மேல்புறம் கண்டிகோட்டா அணை, கீழ்புறம் மயிலவரம் அணை. மதகு திறந்தால் வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாமலே தண்ணீர் ஏறும். கரையிலிருந்து மேலே வர ஆள் உயரப் பாறைகளைத் தாண்ட வேண்டும். இருட்டில், தூக்கக் கலக்கத்தில், அது முடியாது.
பள்ளத்தாக்குகளில் ஆபத்து தலைக்கு மேலே பெய்யும் மழையோடு நிற்பதில்லை, வேறெங்கோ பெய்ததும் வந்து சேரும். அமெரிக்காவில் ஸயான் பூங்காவின் கீஹோல் பள்ளத்தாக்கில் 2015 செப்டம்பர் 14 அன்று ஏழு பேர் திடீர் வெள்ளத்தில் இறந்தார்கள். அந்தப் பூங்காவின் 'வாட்ச்மேன்' என்ற முகாமிடத்தில் இடம் வேண்டுமென்றால் ஆறு மாதம் முன்பே பதிவு செய்யலாம், எண் போட்ட இடம் கிடைக்கும். கண்டிகோட்டாவில் டென்ட் அடிக்கும்போது இடத்தை நாம்தான் ஆராய வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே, மாலை நாலரைக்குள் போய்ச் சேருங்கள். இருட்டிய பிறகு தேர்ந்தெடுக்கும் இடம் பெரும்பாலும் தவறான இடம்தான்.

எண்ணூர் உப்புக்காத்து:
டென்ட் பத்தி யாருமே பேசலையே. நம்ம ஏரியாவுல பீரோ மேல ஒரு வருஷம் கிடந்த டென்ட்டை அங்க போய் விரிச்சா, உள்பக்கம் பசையா ஒட்டும், புளிச்ச வாடை வரும். அது அழுக்கு இல்ல. தண்ணி புகாம இருக்க உள்ள பூசின பாலியூரித்தேன் நம்ம ஈரப்பதத்துல சிதைஞ்சுபோச்சு, துவைச்சாலும் திரும்பாது. ஜிப் தலை உப்புல பூத்து இறுகிடும். கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி மொட்டைமாடியில விரிச்சுப் பாருங்க. ஜிப்புக்கு மெழுகுவத்தி தேய்ங்க, எண்ணெய் போட்டா மணல் ஒட்டிக்கும்.

தண்டையார்பேட்டை ஸ்டியரிங்:
இடம் பத்தி எல்லாரும் சொல்லிட்டீங்க, ரோடு பத்தி நான் சொல்றேன். செங்குன்றம், ஜனப்பன்சத்திரம், ஊத்துக்கோட்டை, புத்தூர், ரேணிகுண்டா, கோடூர், ராஜம்பேட்டை, கடப்பா, முத்தனூர், ஜம்மலமடுகு. சுமாரா 350 கிலோமீட்டர்.
ரேணிகுண்டா தாண்டி கோடூர் வரைக்கும் செம்மரக் காடு. டிஎன் நம்பர் வண்டி, உள்ள நாலு ஆம்பளைங்க, டிக்கியில விறகு பிளக்கற கோடாரி. செக்போஸ்ட்ல டார்ச் அந்தக் கோடாரி மேல விழுந்த நிமிஷத்துலேருந்து எல்லாருக்கும் தனித்தனி விசாரணை. அவங்க சோதிக்கறது நியாயம்தான், அந்த மரம் அப்படிக் களவு போகுது. கோடாரி, கொடுவாள், ரம்பம் எதுவும் வேணாம். காட்டுல நிறுத்தி ஒரு சுள்ளிகூடப் பொறுக்காதீங்க. விறகே தேவையில்ல, காஞ்ச புல்லுல நெருப்பு வைக்கறது தப்பு. 230 கிராம் கேஸ் டப்பா அடுப்பு ஒண்ணு போதும். ஆனா காத்துக்கு மறைப்புன்னு தகரத்தால டப்பாவையும் சேத்து மூடிடாதீங்க, சூடேறி வெடிக்கும். காத்து வர்ற பக்கம் மட்டும் மறைங்க.
தண்ணி ஜம்மலமடுகுலயே 20 லிட்டர் கேன்ல ஏத்திக்கங்க. குடிக்க மட்டும் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர், சமையலுக்குத் தனி. மாசம்னா டிசம்பர் கடைசியிலேருந்து பிப்ரவரி வரைக்கும். நவம்பர்ல போகாதீங்க. 2021 நவம்பர் 19-ல செய்யேறு ஆத்து அன்னமய்யா அணை உடைஞ்சு ராஜம்பேட்டைப் பக்கம் ஊருங்களே அடிச்சுட்டுப் போச்சு. நாம போற ரோடு அதே பக்கம்தான்.

ராயபுரம் ரைடர்:
ஸ்டியரிங் அண்ணே, கோடாரி விஷயம் ரொம்ப முக்கியம். நன்றி.

புதுவண்ணை நர்ஸ்:
சாக்குக்குக் கல் பொறுக்கச் சொல்லிட்டீங்க, கல்லுக்கு அடியில என்ன இருக்கும்னு யாரும் சொல்லல. செந்தேள். கல்லை முதல்ல காலணியாலயோ கம்பாலயோ உங்க பக்கமா புரட்டி, அப்புறம் கையை வைங்க. ஊதா நிற யூவி டார்ச் ஒண்ணு வச்சிருந்தா தேள் பச்சையா ஒளிரும், படுக்கறதுக்கு முன்னாடி டென்ட்டைச் சுத்தி ஒருதரம் அடிச்சுப் பாருங்க. ஷூவை உள்ளயே வைங்க. ஜிப்பை அஞ்சு நிமிஷம்கூடத் திறந்து போடாதீங்க, கட்டுவிரியன் ராத்திரியிலதான் நடமாடும்.
தேள் கொட்டினா கீறாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க. வலி மட்டும்னா பயம் குறைவு. வேர்வை, வாந்தி, கைகால் ஜில்லுனு ஆனா உடனே மருத்துவமனை. இதுக்கு பிராசோசின் மாத்திரை உயிர் காக்கும்னு காட்டினவர் மகாராஷ்டிரா மஹாட்ல இருந்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். அதை நீங்களா போட்டுக்காதீங்க, ரத்த அழுத்தம் இறங்கும், டாக்டர்தான் பாத்துக் கொடுக்கணும். ஜம்மலமடுகு 15 கிலோமீட்டர். வண்டியை வெளிய எடுக்கத் தோதா திருப்பி நிறுத்துங்க. அன்னைக்கு ராத்திரி குடிக்காம இருக்கப்போற டிரைவர் யாருன்னு சாயங்காலமே முடிவு பண்ணிடுங்க.