பேண்ட் கலையுறதுக்கு முன்னாடி வீட்ல எடுத்த கடைசி ரெக்கார்டிங்: உங்க அனுபவம்

திங்கள்சந்தைக்காரன்:
கிட்டார் அடிக்கிறவனுக்கு மஸ்கட் விசா வந்தாச்சு, ஒரு வாரந்தான் இருக்கு. எங்க வீட்டு முன்னறையிலயே நாலு பாட்டையும் எடுத்துடுவோம்னு உக்காந்தோம். மைக்கை லேப்டாப்போட சேக்கிற இன்டர்ஃபேஸ், அதுல ரெண்டே இன்புட்: ட்ரம்ஸுக்கு மேல ஒரு மைக், இன்னொண்ணு கிட்டாருக்கு. பேஸ் கிட்டாரை அப்புறம் ஏத்திக்கலாம்னு நான் ஹெட்போனோட லேப்டாப் முன்னால. பக்கத்து வீட்டுக்காரங்களுக்காக ஸ்நேர் ட்ரம் மேல தோர்த்து போட்டிருந்தோம்.

மூணாவது பாட்டு பாதியில மழை. ஓட்டு வீடு, ஒண்ணும் கேக்காது. ட்ரம்மர் குச்சியைக் கீழ வச்சிட்டான். கிட்டார்காரன் மட்டும் நிறுத்தல. எங்க முதல் பாட்டோட அந்த நாலு கார்ட்ஸையே பைய பைய வாசிச்சிட்டிருந்தான். ஒழுகுற இடத்துல அம்மா ஒரு பானையைக் கொண்டு வச்சாங்க. சொட்டு விழுற கணக்குக்கு இவன் கை மாறினதை நான் பார்த்தேன். "சோறு வெளம்பட்டா மக்கா?"ன்னு அம்மா கேட்டாங்க. "இன்னா வாறேன் அம்மா"ன்னான், கை நிக்கல. 11 நிமிஷம்.

அன்னைக்கு ராத்திரி மிக்ஸ் பண்றப்ப வேஸ்ட்னு அதை வெட்டித் தள்ளிட்டேன். நாலு பாட்டையும் எம்பி3ஆ எடுத்துட்டு, இடம் பத்தலைன்னு ஃபோல்டரையே அழிச்சிட்டேன். பாட்டு நாலும் இருக்கு. எனக்கு வேணும்னு இருக்கது அந்த 11 நிமிஷம்.

குளச்சல் அலை:
எங்களுக்குக் குரல் மட்டும் பாக்கி. 2017 நவம்பர் 30, வியாழக்கிழமை எடுக்கிறதா பேச்சு. அன்னைக்குத்தான் ஒக்கி புயல். பாடுறவன் தூத்தூர் பக்கம். ஒரு வாரம் கழிச்சுதான் வந்தான். எங்க வீட்ல அப்பவும் கரண்டு இல்ல. ஜெனரேட்டர் இருந்த கடையில சார்ஜ் போட்ட ரெண்டு போன்; ஒண்ணுல வெளிச்சம், ஒண்ணுல ரெக்கார்டிங். ரெண்டாவது சரணத்துல "கரை"ன்னு ஒரு சொல் வரும். அங்க வந்து நின்னுட்டான். அவன் தெருவுல ஆழ்கடலுக்குப் போனவங்க இன்னும் திரும்பல. போன் ஓடிட்டே இருக்கு, அவன் மூச்சு மட்டும் கேக்கும். அதோட அவன் எங்ககூட பாடல.

ஃபைல் என்கிட்ட இருக்கு. யாருக்கும் அனுப்பல.

கோட்டாறு கேசட்:
எங்களுது 60 நிமிஷ கேசட், ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்ல எடுத்தது. கேசட் மேல இருக்க ரெண்டு காதையும் (உடைச்சா அதுமேல வேற பதிய முடியாது) உடைச்சு வைக்காம விட்டுட்டோம். யாரோ அதுமேல கிறிஸ்மஸ் கேரல் பதிஞ்சிட்டாங்க. கேரல் முடிஞ்சப்புறம் எங்க கடைசிப் பாட்டு ஒரு 40 செகண்ட் கேக்கும். அவ்வளவுதான் மிச்சம்.

குளச்சல் தம்பி, யாருக்கும் அனுப்பலங்கிறது சரியில்ல. அது அவன் குரல். அவனுக்கு ஒரு காப்பி போகணும், கேக்கதும் கேக்காததும் அவன் இஷ்டம். ஒரே போன்ல கெடந்தா ஒருநாள் போனோட போயிடும்.

திங்கள்சந்தை தம்பி, அந்த லேப்டாப் இருக்கா? ஹார்ட் டிஸ்க்னா அழிச்ச உடனே ஃபைல் போயிடாது. அந்த இடம் காலின்னு மட்டும் குறிச்சுக்கும். மேல வேற எழுதுற வரைக்கும் அங்கேயே கெடக்கும். அதனால லேப்டாப்பை ஆன் பண்ணாத. டிஸ்க்கைக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டி, மீட்கிற சாஃப்ட்வேர் ஓட்டிப் பாரு. சிப்ல பதியிற எஸ்எஸ்டின்னா, அழிச்ச இடத்தைத் தானா காலி பண்ற ட்ரிம் துடைச்சிருக்கும், கஷ்டந்தான். கிடைச்சா எம்பி3ஆ சுருக்காத, வேவ் ஃபைலாவே வை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபிதான். ரெண்டு இடத்துல வை.

கேசட் வச்சிருக்கவங்களுக்கும் சொல்றேன். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ஜூன்லயும் மழை, அக்டோபர்லயும் மழை. டேப் சுருள்ல வெள்ளையாப் பூஞ்சை பிடிக்கும். அப்படியே போட்டா ஹெட்டுல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டுப் போடுங்க.

திங்கள்சந்தைக்காரன்:
ஹார்ட் டிஸ்க்குதான் அண்ணே. லேப்டாப் மச்சுல கெடக்கு. ஆனா அழிச்சப்புறம் ரெண்டு வருஷம் அதுலதான் கல்யாண வீடியோ எடிட் பண்ணினேன். ஞாயித்துக்கிழமை கழட்டிப் பாக்கேன்.