கார் ஷோரூமிலேயே கதை நடக்கும் நகைச்சுவைப் படங்கள் தெரிந்தால் சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். கார் விற்பவர்களை மையமாக வைத்த காமெடிப் படங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

'யூஸ்டு கார்ஸ்' (1980) பார்த்துவிட்டேன். ராபர்ட் ஜெமெக்கிஸ் இயக்கியது, கர்ட் ரஸ்ஸல் நாயகன். எதிரெதிரே பழைய கார் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பி, இரண்டு வேடமுமே ஜாக் வார்டன். எதிர்க்கடை வாடிக்கையாளரை இழுக்கத் தூண்டில் நரம்பில் பத்து டாலர் நோட்டைக் கட்டி ரோட்டின் குறுக்கே இழுப்பார்களே, அந்தக் காட்சிக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் சிரிப்பேன்! ஓடிய மைல் கணக்கைப் பின்னுக்குத் திருப்புவது, பார்க்க வந்தவரை விடாமல் பேசியே மடக்குவது என்று தொழிலின் உள்விவரம் எல்லாம் கதையாகவே வருகிறது. எனக்கு வேண்டியது அதுதான்.

ராபின் வில்லியம்ஸின் 'காடிலாக் மேன்' (1990) பாதிவரை அருமை. டிம் ராபின்ஸ் துப்பாக்கியோடு ஷோரூமுக்குள் புகுந்ததும் அது பணயக்கைதிப் படமாகிவிடுகிறது. 'த குட்ஸ்' (2009) படத்தில் ஜெரமி பிவன் நன்றாகச் செய்திருந்தாலும், கொச்சை ஜோக்குகள் அதிகம். வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்க முடியாது.

'மட்டில்டா' படத்தில் பழைய கார் விற்கும் அப்பா மாதிரி ஓரமாக வரும் பாத்திரம் வேண்டாம். கடையிலேயே கதை நடக்க வேண்டும். பிரெஞ்சு, கொரியன், மலையாளம், எந்த மொழியானாலும் சரி. குடும்பத்தோடு பார்க்கலாமா என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெரிய உதவி.