இன்டுரேஷன்: ‘வீக்கம்’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தடுப்பூசிக்குப் பின் வரும் எதிர்வினைகளைப் பதியும் படிவத்தின் மொழிபெயர்ப்பில் இன்டுரேஷனுக்கு (induration, ஊசி போட்ட இடம் கெட்டியாவது) ‘வீக்கம்’ என்று போட்டிருக்கிறோம். இதை மாற்றியே ஆக வேண்டும். வீக்கம் கண்ணுக்குத் தெரிவது. இது விரலுக்குத் தெரிவது. பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி) போட்ட குழந்தையின் இடது தொடையில் வலி, சிவப்பு எதுவும் இல்லாமல் கெட்டியாக ஒன்று சில வாரம் நிற்பதுண்டு, தானே கரையும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கடுமையான ஊசியிட எதிர்வினைக்கான வரையறையைப் பாருங்கள்: சிவப்போ வீக்கமோ இருந்து, வீக்கம் அருகிலுள்ள மூட்டைத் தாண்டினாலோ, வலியும் சிவப்பும் வீக்கமும் 3 நாளுக்கு மேல் நீடித்தாலோ, மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலோ கடுமையானது. செவிலியர் ‘வீக்கம், 10 நாள்’ என்று எழுதிவிட்டால் அந்தக் குழந்தையும் தவறாக இந்தக் கணக்கில் ஏறிவிடக்கூடும்.

‘தடிப்பு’ கூடவே கூடாது. ஊசி போட்ட சில நிமிடத்தில் உடம்பெல்லாம் தடிப்பது அனாபிலாக்சிஸ் என்ற, உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையின் முன்னறிகுறியாக இருக்கலாம். அந்தச் சொல்லை இதற்குச் செலவழிக்க முடியாது. ‘கன்றல்’ ரத்தம் கட்டியதைக் குறிக்கும். பாகு இறுகுகிறது, மண் இறுகுகிறது. ‘இறுகல்’ என்று வைக்கலாமா?

—

ஐயா, ‘இறுகல்’ சரியாகப் பொருந்துகிறது. ‘தோலிறுகல்’ என்று மட்டும் நீட்டிவிட வேண்டாம், தோல் இறுகும் நோயான ஸ்க்ளீரோடெர்மாவோடு குழம்பும். இறுகுவது தோல் மட்டுமல்ல, கொழுப்பும் தசையும்கூட. ‘ஊசியிட இறுகல்’ போதும். நம் கறுத்த தோலில் சிவப்பு பல நேரம் கண்ணுக்கே பிடிபடாது. ஆகவே தொட்டறிவதற்கென்று தனிச்சொல் இருப்பது நமக்கு இன்னும் அவசியம்.

சீழ்க்கட்டிக்கும் இதற்கும் உள்ள எல்லையையும் வரையறையிலேயே எழுதிவிடுங்கள்.

—

எழுதிவிடலாம் அம்மா. இரு விரலால் மாற்றி மாற்றி அழுத்தும்போது உள்ளே திரவம் தளும்பினால் அது இறுகல் அல்ல, சீழ்க்கட்டி. உடனே மருத்துவ அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும். காய்ச்சல் இல்லை என்பதற்காக விடக் கூடாது: அலுமினிய உப்பு கலந்த தடுப்பூசி உறைந்துபோயிருந்து அதைப் போட்டால் கிருமியே இல்லாமலும் சீழ்க்கட்டி வரலாம்.

அளப்பதற்கு மாண்டூ சோதனை (காசநோய்க்கான தோல் ஊசிச் சோதனை) நல்ல முன்மாதிரி. அங்கே சிவப்பை விட்டுவிட்டு இறுகலை மட்டுமே அளக்கிறோம்: பந்துமுனைப் பேனாவை வெளியிலிருந்து மெல்ல அழுத்தி இழுத்து வந்தால் ஓரத்தில் தடுக்கி நிற்கும், எதிர்ப்பக்கமும் அப்படியே செய்து, இரு கோட்டுக்கும் இடையே அளவுகோலை வைக்கிறோம். தொடையில் ஆழத்தில் இருப்பதற்குப் பேனா உதவாது. விரல் நுனியால் ஓரத்தைத் தேடிப் புள்ளி வைத்து, மிக அகன்ற பக்கத்தை மி.மீ. கணக்கில் எழுத வேண்டும். ‘எலுமிச்சை அளவு’, ‘புளியங்கொட்டை அளவு’ வேண்டாம். அடுத்த வாரம் குறைந்ததா என்று ஒப்பிட முடியாது.

படிவத்தில் மாதிரிக்கு இப்படி வைக்கலாம்: ‘ஊசியிட இறுகல், இடது தொடை, 18 மி.மீ., 4ஆம் நாள். வலி, சிவப்பு, தளும்பல் இல்லை.’