நாடி அழற்சியைப் படத்தில் கண்டறியக் கணினி உதவுமா?

கேள்வி (ஹட்டன்):
கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்திய இடத்தில்தான் வலி என்று 67 வயதான அம்மா பல வாரங்கள் சொல்லிவந்தார். தலை வாரினாலும் ரொட்டியை மென்றாலும் நோகத் தொடங்கிய பின்னர், நெற்றிப்பொட்டு நாடியில் அழற்சி இருக்கலாம் என்று வைத்தியர் ஸ்கேன் எழுதினார். இயந்திரக் கற்றல் இதனைப் பிழையின்றிக் கண்டறியுமா?

மறுமொழி (கண்டி):
அல்ட்ராசவுண்டில் வீங்கிய நாடிச் சுவர், இரத்த ஓட்டத்தைச் சுற்றிய கரிய வளையமாகத் தெரியும். அந்த வளையத்தைக் கண்டுபிடிப்பதற்கும், கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸைச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேனில் பெருநாடியின் எல்லையை வரைந்து அதன் சுவர் எவ்வளவு குளுக்கோஸை உறிஞ்சுகிறது என்று கணக்கிடுவதற்கும் மென்பொருள்களைப் பயிற்றுவிக்கிறார்கள். ஆயினும் முதுமையில் கொழுப்புப் படிந்து தடித்த நாடியும் சிலவேளை அப்படியே தோன்றுவதால், பயிற்சிப் படங்கள் குறைவாகவே கிடைக்கும் இந்த அரிய நோயில் கணினியின் சொல்லை மட்டும் நான் நம்பமாட்டேன்.

மறுமொழி (பதுளை):
பெட் ஸ்கேனுக்கான கதிரியக்கப் பொருளான புளோரின்-18 ஏறத்தாழ 110 நிமிடங்களில் பாதியாகிவிடும். மலைப்பாதையில் ஆறுதலாகக் கொண்டுவரும் பொருளல்ல அது. அல்ட்ராசவுண்டே நமக்குக் கிட்டிய வழி. பார்வை பறிபோகக்கூடிய நோய் என்பதால், ஸ்கேன் திகதிக்காக ஸ்டீரொய்ட் மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே வளையம் மங்கக்கூடும். ஆகவே ஸ்கேனையும் இந்த வாரத்துக்குள் எடுக்க முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மாத்திரை நேற்றே தொடங்கியாயிற்று, ஸ்கேன் வியாழக்கிழமை.