தேயிலை ஃபேக்டரிக்கு எம்ஆர்பி சாஃப்ட்வேர் தேவையா?

கோத்தகிரி_தூள்: சிறு விவசாயிகளிடம் கொழுந்து வாங்கும் சிடிசி (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டித் தூளாக்கும் முறை) ஃபேக்டரி. ட்ரஃப் (கொழுந்தைப் பரப்பி அடியிலிருந்து விசிறிக் காற்றில் வாட்டும் தொட்டி) 8, ஒவ்வொன்றும் 600 சதுர அடி. வரத்து நாளைக்கு 7,000 கிலோ முதல் 18,000 வரை. எம்ஆர்பி உள்ள ஈஆர்பி (மொத்த நிர்வாகத்துக்கான சாஃப்ட்வேர்) வாங்கச் சொல்கிறார்கள். (பாக்கெட்டில் அடிக்கும் விலை இல்லை, பொருள் தேவைத் திட்டம்.) வாங்கலாமா?

வாடல்காரன்: வேண்டாம். எம்ஆர்பி ஆர்டர் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடும். பம்பு கோர்ப்பவருக்குச் சரி. நமக்குக் கொழுந்துதான் முதலில் வருகிறது, தள்ளிப்போடவும் முடியாது. ஒரே கொழுந்து பிபி, பிஎஃப், டஸ்ட் என்று பல கிரேடாகப் பிரியும், பல பாகம் சேர்ந்து ஒரு பொருள் என்ற எம்ஆர்பி பாகப் பட்டியலே இங்கே தலைகீழ். பாட்டில் கழுத்து மாதிரி உங்களை நெருக்குவது ட்ரஃப்தான்: சதுர அடிக்கு 2.5 கிலோ என்றால் மொத்தம் 12,000. அதற்கு மேல் குவித்தால் அடி காய்ந்து, மேல் பச்சையாகவே நிற்கும்.

குன்னூர்_ஸ்டோர்ஸ்: கொழுந்துக்குத் தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன். பை, விறகு, ரோலருக்கு? 12,000 கிலோ கொழுந்துக்குத் தூள் சுமார் 2,700 கிலோ. பைக்கு 30 கிலோ போட்டாலும் தினம் 90 பை. சப்ளை வர 15 நாள் என்றால் 1,350 பை கையில் இருக்கணும். இதை நோட்டில் பார்த்தால் ஏப்ரல், மே சீசனில் பை தீர்ந்த பிறகுதான் தெரியும்.

வாடல்காரன்: அதற்கு ஒரு எக்ஸெல் பக்கம் போதுமே! பை தீர்ந்தால் போன் போட்டு வாங்கலாம். வாடல் கெட்டால் திரும்பாது. 78 சதவீத ஈரமுள்ள 100 கிலோ கொழுந்து 70-க்கு வாடினால் டிரையர் 51 கிலோ நீர் இழுக்கணும். ட்ரஃப் காலி பண்ண அவசரப்பட்டு 74-லேயே எடுத்தால் 62 கிலோ. விறகு தீரும், டிரையரும் அடைக்கும். விறகுக் கணக்கே ட்ரஃபிலிருந்துதான் தொடங்குது.

குன்னூர்_ஸ்டோர்ஸ்: அப்போ எந்த விவசாயி கொழுந்து எந்த இன்வாய்ஸில் (எண் போட்டு விற்கும் தூள் லாட்) போச்சு என்று மருந்து எச்சம் கேட்கும் வாங்குபவருக்கு எப்படிச் சொல்வீங்க? எக்ஸெலில் ராத்திரி 2 மணிக்கு யார் அடிப்பது?

வாடல்காரன்: அதே ஆள் உங்க ஈஆர்பி-யில் மட்டும் அடிப்பாரா? இப்போ ட்ரஃப் பலகையில் சாக்பீஸால் போட்ட நேரமும் கிலோவும் எழுதுறார், கைப்பிடி கொழுந்தை இறுக்கிப் பார்க்குறார்: மெதுவாய் விரிந்தா வாடல் சரி. அதையே ட்ரஃப் எண்ணோட போனில் போட வைங்க. எடைச் சீட்டிலும் ட்ரஃப் எண் இருக்கணும், இல்லேன்னா எந்த சாஃப்ட்வேரும் பின்னாடி தேடிக் கொடுக்காது.

கோத்தகிரி_தூள்: டெமோவுக்கு நாளை வர்றாங்க. என்ன கேட்கட்டும்?

குன்னூர்_ஸ்டோர்ஸ்: ஒரு இன்வாய்ஸ் எண்ணைக் கொடுத்து, எடைச் சீட்டு வரை பின்னோக்கிப் போய்க் காட்டச் சொல்லுங்க.

வாடல்காரன்: 18,000 கிலோ வரத்து, சாயங்காலம் 6 மணிக்கு மூணாவது ட்ரஃப் விசிறி நின்னுடுச்சு. எந்த ட்ரஃப் எத்தனை மணிக்கு காலி, மிச்சக் கொழுந்து எங்கே? உங்க எதிரிலேயே போட்டுக் காட்டட்டும்.