1925 காஞ்சிபுரம்: பெரியார் காங்கிரசிலேயே நின்று போராடியிருக்க வேண்டுமா?

பொருநை:
வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டதால் காங்கிரசின் காஞ்சிபுரம் மாநாட்டை விட்டுப் பெரியார் வெளியேறியதை எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் நடந்ததைப் பாருங்கள். சேரன்மாதேவி குருகுலம் என்ற உறைவிடப் பள்ளியில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி. அந்தக் குருகுலத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் தருவதாகக் காங்கிரஸ் கமிட்டி ஒப்புக்கொண்டு, ஐயாயிரத்தைக் கொடுத்தும்விட்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கொதித்தெழுந்தார்கள். பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்று எஸ். இராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் கமிட்டியில் நிறைவேறியது. பதவி விலகியவர்கள் இராஜாஜியும் அவரைச் சேர்ந்த சிலரும்தான். பெரும்பான்மை கையில் இருந்தது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? ஏழே மாதத்தில் அதை உதறிவிட்டு வருவது சரியா?

ஈரோட்டு வாசகன்:
பந்தியில் சேர்ந்து உட்காரலாம் என்று தீர்மானம் போடுவது எளிது. சட்டமன்றத்திலும் அரசு வேலையிலும் எனக்கு உரிய இடத்தைக் கொடு என்று கேட்டபோதுதான் கதவு சாத்தப்பட்டது. 1920 திருநெல்வேலி மாநாட்டிலிருந்து வகுப்புவாரி உரிமையை, அதாவது ஒவ்வொரு வகுப்புக்கும் உரிய பங்கை, கேட்டுவந்தவர் பெரியார். கதர் மூட்டையைச் சுமந்து ஊர் ஊராக விற்றவர். வைக்கத்தில் இரண்டு முறை சிறை சென்றவர். காஞ்சியில் அவர் தோற்றிருந்தால் அடுத்த ஆண்டு மறுபடியும் முயன்றிருக்கலாம். ஆனால், பிரதிநிதிகளின் கையெழுத்தோடு வந்த தீர்மானம் ஓட்டெடுப்புக்கே விடப்படவில்லை. கேட்கவே கூடாது என்கிற இடத்தில் இன்னும் எத்தனை ஆண்டு உட்கார்ந்திருப்பது?

பொருநை:
அனுமதி மறுத்தவர் மாநாட்டுத் தலைவரான திரு.வி.க. அவர் பகைவர் அல்லர். 1917இல் சென்னை மாகாணச் சங்கத்தில் பெரியாரோடு சேர்ந்து பிராமணரல்லாதார் உரிமைக்காகப் பேசியவர். அப்படிப்பட்டவரை வென்றெடுக்க முடியாதா? உள்ளேயே இருந்த காமராசர் 1954இல் முதலமைச்சரானார். அவரைத் தாங்கிப் பிடித்தவர் பெரியாரேதான்.

ஈரோட்டு வாசகன்:
காமராசர் மேலே வந்தபோது இருந்த காங்கிரஸ் 1925இன் காங்கிரஸ் அல்ல. வெளியே முப்பது ஆண்டு அடித்த அடி அதை மாற்றியது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சமச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989இல். அந்தத் தீர்மானத்தை அன்றைய காங்கிரஸ் பந்தலில் முன்மொழியவாவது விட்டிருப்பார்களா?

தமிழாசிரியை:
இருவரும் 1925இலேயே நிற்கிறீர்கள். அதே கேள்வி பின்னாளில் பெரியாரின் வீட்டு வாசலுக்கும் வந்தது. 1932 ஈரோட்டுத் திட்டத்தில் சமதர்மம் பேசினார்கள். அரசின் அடக்குமுறை வந்ததும் பெரியார் அதைத் தள்ளிவைத்தார்; பொதுவுடைமைவாதி ஜீவா பிரிந்து போனார். 1949இல் அண்ணா பிரிந்தார். தனக்கு மறுக்கப்பட்ட இடத்தைப் பெரியார் தம் இயக்கத்தில் மற்றவர்களுக்குக் கொடுத்தாரா? வெளியேறுகிறவர்கள் எதைக் கட்டுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். ஒரே மனிதரின் சொல்லில் நிற்கும் இயக்கம் எனக்கு அச்சம் தருகிறது, அந்த மனிதர் பெரியாராகவே இருந்தாலும்.

ஈரோட்டு வாசகன்:
அம்மா, நியாயமான கேள்வி. ஜீவா பிரிந்ததும் சரிதான் என்பேன். அவர் பேச வேண்டியதைப் பேச அங்கே இடமில்லை. 1925இல் பெரியாருக்குப் பொருந்தும் அளவுகோல் 1935இல் பெரியாருக்கு எதிராகவும் பொருந்தும்.

பொருநை:
அப்படியானால் இராமநாதனை என்ன சொல்வீர்கள்? சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். பிறகு காங்கிரசுக்கே திரும்பி, 1937இல் இராஜாஜி அமைச்சரவையில் அமைச்சரானார்.

ஈரோட்டு வாசகன்:
அந்த அமைச்சரவைதான் 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது, எதிர்த்த பெரியாரைச் சிறையில் அடைத்தது. உள்ளே இருந்த இராமநாதனால் எதைத் தடுக்க முடிந்தது?

பொருநை:
1939இல் ஆலயப் பிரவேசச் சட்டத்தைக் கொண்டுவந்ததும் அதே அமைச்சரவைதான். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்களை அழைத்துச் சென்ற வைத்தியநாத ஐயரும் காங்கிரஸ்காரர்தான். அதையும் கணக்கில் வையுங்கள், பிறகு பேசுவோம்.