ஆர்பிஎம்-ஐ ஹெர்ட்ஸ் ஆக்கினால் 50-க்குப் பதில் 314 வருகிறது, அவசரம்

சுழலி: இன்றைக்கே ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். மோட்டார் வேகம் 3000 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்று. ஹெர்ட்ஸாக (வினாடிக்கு எத்தனை முறை என்று) மாற்றினால் 50 வர வேண்டும், 314.159 வருகிறது. பவர் கணக்கு மட்டும் சரியாக இருக்கிறது. எங்கே தப்பு?

தசமம்: எந்த மென்பொருள், எந்த லைப்ரரி? மாற்றும் வரியை அப்படியே போடுங்கள். பவரை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்றும் சொல்லுங்கள்.

அலைவரிசை: சாம்ப்ளிங் ரேட்டை, அதாவது வினாடிக்கு எத்தனை முறை சிக்னலை அளக்கிறோம் என்பதை, தப்பாகக் கொடுத்திருப்பீர்கள். எஃப்எஃப்டி (சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) போடும்போது பெரும்பாலும் அதுதான் காலை வாரும்.

தசமம்: அவர் எஃப்எஃப்டி என்றே சொல்லவில்லையே.

சுழலி: பைத்தான், அலகுகளை மாற்றித் தரும் பிண்ட் லைப்ரரி. எஃப்எஃப்டியும் உண்டு. அதிர்வு சிக்னலில் பீக் சரியாக 50-இல் நிற்கிறது. மோட்டார் வேகத்தை அதன்மேல் கோடாகப் போட்டால் கோடு 314-க்குப் போய்விடுகிறது. பவர் என்பது டார்க் (முறுக்கு விசை) பெருக்கல் வேகம்.

அலைவரிசை: பீக் 50-இல் என்றால் சாம்ப்ளிங் சரிதான். இருந்தாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூத்தவன்: யூனிட் லைப்ரரி போட்டுவிட்டால் நாம் யோசிக்க வேண்டாம் என்று நினைக்கிறார்கள். தம்பி, 314.159-ஐ 50-ஆல் வகுத்துப் பாருங்கள். 6.283. அதாவது 2 பை. கோணத்தை அளக்கும் ரேடியன் பற்றிப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். முதலில் ஆவணத்தைப் படியுங்கள்.

வெண்பனி: ஐயா, அவர் அவசரத்தில் இருக்கிறார், காரணத்தையும் சொல்லிவிடலாம். பிண்டில் ஒரு சுற்று என்பது 2 பை ரேடியன். ரேடியனுக்குப் பரிமாணம் கிடையாது, அது வெறும் 1. ஹெர்ட்ஸ் என்பது 1/வினாடி. ஆக 3000 ஆர்பிஎம் முதலில் 314.159 ரேடியன்/வினாடி ஆகிறது, ரேடியன் உதிர்ந்ததும் அதுவே ஹெர்ட்ஸ் ஆகிவிடுகிறது. பரிமாணம் பொருந்துவதால் எர்ரரும் வராது.

சுழலி, உங்கள் பவர் சரியாக வருவதும் இதே விதியால்தான். 10 நியூட்டன் மீட்டர் டார்க்கை 3000 ஆர்பிஎம்-ஆல் பெருக்கினால் 3141.59 வாட். அங்கே ரேடியன் உதிர்ந்தால்தான் வாட் கிடைக்கும். 50 ஹெர்ட்ஸ் போட்டுப் பெருக்கியிருந்தால் 500 வாட் என்று தப்பாக வந்திருக்கும். எனவே வேகத்தை ஆர்பிஎம்-ஆகவே வைத்திருங்கள். கோடு போடும் இடத்தில் மட்டும் ரெவல்யூஷன்/செகண்டுக்கு மாற்றி மேக்னிட்யூட் (அலகு இல்லாமல் எண் மட்டும்) எடுங்கள், 50 வரும்.

தசமம்: இது பிண்டின் குறைதான். ஆஸ்ட்ரோபை என்ற இன்னொரு பைத்தான் லைப்ரரியில் ரேடியன் தனி யூனிட். இந்த மாற்றத்தைக் கேட்டால் எர்ரர் கொடுத்து நின்றுவிடும், கோணத்தைப் பரிமாணமற்றதாக எடுத்துக்கொள் என்று நாமே சொன்னால்தான் விடும். சத்தமில்லாமல் தப்பான எண்ணைத் தருவதைவிட அது எவ்வளவோ மேல்.

மூத்தவன்: குறை என்று சொல்லாதீர்கள். எஸ்ஐ என்ற சர்வதேச அலகு முறையே அதுதான். 1995-இல், ரேடியன் இருந்த துணை அலகுகள் என்ற வகையையே நீக்கி, ரேடியனைப் பரிமாணமற்ற வழி அலகு ஆக்கிவிட்டார்கள்.

தசமம்: அதே எஸ்ஐதான், ஹெர்ட்ஸைச் சீராகத் திரும்ப வரும் நிகழ்வுக்கும் பெக்கரலைக் கதிரியக்கத்தின் தற்செயல் நிகழ்வுக்கும் மட்டும் வைக்கச் சொல்கிறது. இரண்டும் 1/வினாடி என்பதால் பிண்ட் ஒன்றை இன்னொன்றாக மாற்றித் தந்துவிடும். அதையும் விதி என்பீர்களா?

மூத்தவன்: அதைப் பயன்படுத்துபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தசமம்: அப்புறம் லைப்ரரி எதற்கு?

சுழலி: ரெவல்யூஷன்/செகண்ட் வேலை செய்தது. கோடு பீக் மேலேயே உட்கார்ந்துவிட்டது. நன்றி வெண்பனி.

வெண்பனி: சரி. அதே ஸ்கிரிப்ட்டில் பேரிங் அதிர்வெண், கியர் பல் அதிர்வெண் எதையாவது ஹெர்ட்ஸுக்கு மாற்றியிருந்தால் அதிலும் இந்த 6.283 இருக்கும். அனுப்புவதற்கு முன் அவற்றையும் திருத்திவிடுங்கள்.